காலே அரைக்கால் கிலோ தக்காளி

வாசகர் கேள்வி – பதில்

ஸ்பெயினின் வலென்சியா நகரில் 7 ஆண்டுகளும் மெக்சிகோவில் ஓராண்டும் குடியிருந்துவிட்டுக் கிருஷ்ணகிரிக்குத் திரும்பியவள் நான். ஸ்பானிய மொழியை வகுப்பறையில் கற்றதைவிடக் காய்கறிக் கடையிலும் உணவகத்திலும் கற்றதே மிகுதி என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களிலிருந்து பலர் கடிதம் எழுதிவிட்டதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஸ்பானியச் சொற்களைத் தமிழெழுத்திலேயே தருகிறேன். அதிலுள்ள இடர்ப்பாடு என்ன என்பதை இரண்டாவது பதிலில் காணலாம்.

கேள்வி: என் கணவருக்கு வலென்சியாவில் வேலை கிடைத்து முன்னரே சென்றுவிட்டார். நானும் 4 வயது மகளும் இன்னும் இரண்டு மாதத்தில் செல்லவிருக்கிறோம். நான் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கிலமே தட்டுத்தடுமாறித்தான் வரும். கைப்பேசிச் செயலியில் மூன்று மாதமாக ஸ்பானியம் படிக்கிறேன். ‘பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்’ என்று சொல்ல வருகிறது. கடைக்குப் போய்த் தக்காளி வாங்க வருமா என்றுதான் தெரியவில்லை. முதலில் ஆங்கிலத்தை நன்றாகக் கற்றுக்கொண்டு பிறகு ஸ்பானியத்தைத் தொடு என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது சரியா? – ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: சரியில்லை, சகோதரி. ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானியத்துக்குப் போவது, காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு வரவேண்டியவர் தர்மபுரிக்குப் பேருந்து ஏறுவதைப் போன்றது. சாப்பாட்டைப் பற்றிய பேச்சில், தமிழிலிருந்து ஸ்பானியத்துக்கு ஆங்கிலத்தில் இல்லாத நேர்வழி ஒன்று இருக்கிறது. ‘எனக்குச் சோறு பிடிக்கும்’ என்பதை ஸ்பானியத்தில் ‘மே குஸ்தா எல் அர்ரோத்’ என்பார்கள். ‘மே’ என்றால் எனக்கு. ‘குஸ்தா’ என்றால் பிடிக்கிறது. ‘எல் அர்ரோத்’ என்றால் சோறு, அரிசி இரண்டும். ஆங்கிலம் படித்தவர்கள் ‘நான் சோற்றை விரும்புகிறேன்’ என்று மனத்துக்குள் அமைத்துக்கொண்டு, பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பத் தெரியாமல் மாதக்கணக்கில் திணறுவதை வகுப்பில் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமையில் வாக்கியத்தைத் தொடங்குவது நமக்குப் பிறந்த நாள் முதல் வந்த பழக்கம் என்பதால், எனக்கு அந்தத் தொல்லையே இருக்கவில்லை.

இதே அச்சில் இன்னும் பல வாக்கியங்கள் வரும். ‘மே துவேலே எல் எஸ்தோமகோ’ என்றால் எனக்கு வயிறு வலிக்கிறது. ‘மே சியென்த்தா மால் லா லேச்சே’ என்றால் எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. ‘லே ஃபால்தா சால்’ என்றால் இதற்கு உப்புக் குறைகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் ‘இதற்கு உப்புப் போதவில்லை’ என்றுதான் வரும். ஒரே ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது: நமக்கு மாம்பழம் ஒன்றானாலும் பத்தானாலும் ‘பிடிக்கும்’ மாறாது, அங்கே ஒன்றுக்கு மேற்பட்டால் ‘குஸ்தா’ என்பது ‘குஸ்தான்’ ஆகிவிடும். பசி இந்த அச்சுக்குள் வராது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதற்கு ‘தெங்கோ ஆம்ப்ரே’, அதாவது ‘பசி வைத்திருக்கிறேன்’ என்பதுதான் அவர்கள் வழக்கு.

இனிக் கடைக்கு வருவோம். வலென்சியாவில் 1928-இல் திறக்கப்பட்ட மத்தியச் சந்தை இன்றும் நகரின் நடுவில் இயங்குகிறது; நீங்கள் கற்க வேண்டிய முதல் பாடம் அதற்குள்தான் இருக்கிறது. கடை முன்னால் நாலைந்து பேர் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நிற்பார்கள்; வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. நம் உழவர் சந்தை நினைவில் நீங்கள் நேராக முன்னே போய்ப் பையை நீட்டினால், அத்தனை பேரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். உண்மையில் வரிசை இருக்கிறது, ஒவ்வொருவர் மனத்திலும் இருக்கிறது. போனவுடன் பொதுவாக ‘கியென் எஸ் எல் ஊல்த்திமோ?’ – கடைசியாக வந்தவர் யார்? – என்று கேட்க வேண்டும். ஒருவர் ‘யோ’, நான்தான், என்பார். அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அவருக்கு அடுத்தது நீங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் அதே கேள்வியைக் கேட்கும்போது நீங்கள் ‘யோ’ என்பீர்கள். நான் ஸ்பெயினில் பிழையில்லாமல் பேசிய முதல் முழு வாக்கியம் அந்த ‘யோ’தான்.

காய்கறியைத் தொட்டு, அமுக்கி, முகர்ந்து பொறுக்குவது அங்கே ஆகாது. கடைக்காரரே எடுத்துத் தருவார். அதனால் நாம் கையால் செய்யும் வேலையை வாயால் செய்ய வேண்டியிருக்கிறது, அதுவே மொழிப் பயிற்சியாகிவிடுகிறது. பழம் கேட்டால் ‘பாரா ஓய்?’ என்பார். நம் ஊரில் ஆளைக் கூப்பிடும் ‘ஓய்’ அல்ல அது, ‘இன்றைக்குச் சாப்பிடவா?’ என்ற கேள்வி. நாளைக்கு என்றால் ‘பாரா மஞானா’ என்று சொல்லுங்கள். சற்றுக் காயாகப் பார்த்துத் தருவார். வேண்டியதைக் கேட்க ‘வேண்டும்’ என்னும் வினையைத் தேடாதீர்கள். ‘மே போனே’ – எனக்குப் போடுங்கள் – என்று தொடங்கினால் காய்கறியிலிருந்து காப்பி வரை எல்லாவற்றுக்கும் செல்லும், மரியாதைக் குறைவும் இல்லை. ‘மே போனே மேதியோ கீலோ தெ தொமாத்தேஸ்’ என்றால் அரைக்கிலோ தக்காளி வந்துவிடும்.

எடையில்தான் எனக்கு ஒரு மகிழ்ச்சி காத்திருந்தது. ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி ‘குவார்த்தோ இ மித்தாத்’ என்று கேட்டார். குவார்த்தோ என்றால் கால். மித்தாத் என்றால் பாதி. கால் கிலோவும் அரைக் கிலோவும் சேர்ந்து முக்கால் கிலோ வரப்போகிறது என்று எதிர்பார்த்தேன். தராசு 375 கிராமில் நின்றது. காலும், அந்தக் காலில் பாதியும் என்பது அதன் பொருள். அதாவது காலே அரைக்கால். அரைக்கால், மாகாணி, வீசம் என்று என் பாட்டி தலைகீழாக ஒப்பிப்பார்; நாங்கள் பள்ளியில் படிக்காமல் விட்டுவிட்ட அந்த வாய்பாட்டை வலென்சியா மூதாட்டிகள் இன்னும் கைவிடவில்லை. நீங்களும் தக்காளியோ பாலாடைக்கட்டியோ அந்த அளவில் கேட்டுப் பாருங்கள். புதிதாக வந்தவர் வாயில் அது வந்தால் கடைக்காரர் முகம் மலரும். உங்களை ‘ரெய்னா’ என்று கூப்பிட்டால் திகைக்க வேண்டாம். அரசி என்று பொருள். நம் ஊர்க் கடைக்காரர் ‘கண்ணு’ என்பதைப் போன்றதுதான்.

கேள்வி: ஸ்பானியம் உச்சரிப்புக்கு எளியது என்று கேள்விப்பட்டு, சொற்களையெல்லாம் தமிழெழுத்தில் குறிப்பேட்டில் எழுதிப் படித்து வருகிறேன். இணையவழி ஆசிரியர் சில சொற்களைக் கேட்டதும் சிரிக்கிறார், காரணம் சொல்வதில்லை. – கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: தம்பி, எதற்குச் சிரித்திருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ‘பேசோ’ என்று எழுதிக்கொள்ளுங்கள். வல்லோசையுடன் உதடுகளை அழுத்திச் சொன்னால் எடை, மெக்சிகோவின் நாணயம். ‘பந்து’ என்னும் சொல்லின் முதலெழுத்தைப் போல மெல்லச் சொன்னால் முத்தம். கடைக்காரரிடம் ‘பத்து பேசோ’ என்று நீங்கள் எந்தப் பகரத்தைப் பயன்படுத்திச் சொல்கிறீர்கள் என்பது அதனால் முக்கியமாகிவிடுகிறது. ‘போயோ’வும் அப்படியே: வல்லோசையில் கோழி, மெல்லோசையில் இனிப்பு ரொட்டி. ‘கோல்’ ஒருவிதமாகச் சொன்னால் முட்டைக்கோசு, இன்னொருவிதமாகச் சொன்னால் கால்பந்தாட்டத்தில் அடிப்பது. ‘தோஸ்’ வல்லோசையில் இருமல், மெல்லோசையில் இரண்டு. தமிழெழுத்து இந்த இரண்டையும் ஒரே வடிவத்தில் எழுதுவதால், சொல்லின் முதலில் மெல்லோசை வரும் இடத்தில் எழுத்தின் கீழே ஒரு கோடு இழுத்துவிடுங்கள். என் குறிப்பேடு முழுவதும் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் சொல்லின் இடையில் வரும்போது தமிழெழுத்தைப் போல உதவுவது வேறில்லை. ‘அது’, ‘அகம்’ என்னும் சொற்களில் தகரமும் ககரமும் எவ்வளவு மென்மையாகக் குழைந்து ஒலிக்கின்றனவோ, ஏறத்தாழ அதே குழைவு ஸ்பானியத்திலும் இரண்டு உயிர்களுக்கு நடுவில் நேர்கிறது. ‘நாதா’ என்றால் ஒன்றுமில்லை என்று பொருள். அதைத் தமிழில் எழுதியபடியே படித்தாலே மாட்ரிட்காரர் சொல்வதைப் போல இருக்கும். இடையில் வல்லோசை வேண்டுமானால் ‘தொமாத்தே’ என்று இரட்டித்து எழுதிக்கொள்ளலாம். ‘மஞானா’, ‘பீஞா’ (அன்னாசி) ஆகியவற்றில் வருவது நம் ஞகரமேதான். ஆங்கிலவழியில் படித்தவர்கள் அதற்கு ‘நியா’ என்று சுற்றி வளைப்பார்கள்.

ரகர றகர வேறுபாட்டை நாம் எழுத்தில் வைத்துக்கொண்டு பேச்சில் தொலைத்துவிட்டோம். அங்கே அதைத் தொலைக்க முடியாது. ‘காரோ’ என்றால் விலை அதிகம். நாவை அதிரவிட்டுக் ‘கார்ரோ’ என்றால் மெக்சிகோவில் மகிழுந்து. ‘பெரோ’ என்றால் ஆனால். ‘பெர்ரோ’ என்றால் நாய். ‘சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஆனால்…’ என்று தொடங்கும் வாக்கியத்தில் நாயைக் கொண்டுவந்து நிறுத்தினால் சமையற்காரர் என்ன நினைப்பார் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

கேள்வி: மாட்ரிடில் மேற்படிப்பு படிக்கும் என் மகன் மதியம் மூன்று மணிக்குச் சோறு, இரவு பத்து மணிக்குச் சாப்பாடு என்கிறான். விடுதியில் சரியாகப் போடுவதில்லையோ என்று கவலையாக உள்ளது. – ஒரு தாய், பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: கவலை வேண்டாம், அம்மா. ஊரே அந்த நேரத்தில்தான் சாப்பிடுகிறது. மதிய உணவு இரண்டிலிருந்து மூன்றரை வரை, இரவு உணவு ஒன்பதுக்குப் பிறகு. மாலை நான்கு மணிக்கு மேல் எட்டு மணி வரை பல உணவகங்களில் அடுப்பே எரியாது. ஸ்பெயின் நாடு மேற்கே தள்ளி இருந்தும் 1940 முதல் ஜெர்மனி பக்கத்துக் கடிகாரத்தைப் பின்பற்றி வருவதால், அங்கே சூரியனும் பிந்தித்தான் மறைகிறது. சாப்பாடு பிந்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மகனிடம் இரண்டு சொற்களை மட்டும் சொல்லி வையுங்கள். ஒன்று ‘மெனு தெல் தீயா’, அன்றைய சாப்பாடு. 1960-களில் சுற்றுலாப் பயணிகளுக்கென அரசு கொண்டுவந்த நிலையான விலைச் சாப்பாட்டிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. முதல் உணவு, இரண்டாம் உணவு, ரொட்டி, ஒரு பானம், முடிவில் பழமோ இனிப்போ காப்பியோ, எல்லாம் ஒரே விலையில் வரும். நம் ஊர் அளவுச் சாப்பாட்டின் இடத்தில் வைத்து எண்ணிக்கொள்ளலாம். பரிமாறுபவர் அன்றன்று உள்ளவற்றை வாயால் ஒப்பிப்பதைக் காதால் கேட்டுத் தேர்ந்தெடுப்பது, கட்டணமில்லாத நல்ல கேட்டல் தேர்வு. மற்றொன்று ‘ஆகுவா தெல் க்ரிஃபோ’, குழாய்த் தண்ணீர். 2022-இல் வந்த சட்டப்படி உணவகங்கள் புட்டியில் அடைக்காத தண்ணீரைக் கேட்பவருக்கு விலையின்றித் தர வேண்டும். கேட்காவிட்டால் புட்டித் தண்ணீர்தான் வரும், அதற்குக் கணக்கும் வரும்.

சாப்பிட்டு முடித்தபின் மேசையைவிட்டு எழாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பதற்கு ‘சோப்ரெமேசா’ என்று அவர்களிடம் தனிச்சொல்லே உண்டு. அதனால் கேட்காமல் கணக்குச் சீட்டைக் கொண்டுவந்து வைப்பது அங்கே அநாகரிகம். ‘எழுந்து போ’ என்று சொல்வதாகிவிடும். ‘லா குவென்த்தா, போர் ஃபாவோர்’ என்று நாமே கேட்க வேண்டும். இது தெரியாமல் முதல் மாதத்தில் ஓர் உணவகத்தில் முக்கால் மணி நேரம் கணக்குச் சீட்டுக்காகக் காத்திருந்து, எங்களை அவமதிக்கிறார்கள் என்று எண்ணி மனம் புழுங்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் ஓசூரில் வாகன உதிரிபாகத் துறையில் பொறியாளர். மெக்சிகோவின் கெரெத்தாரோ நகருக்கு இரண்டாண்டுப் பணிக்குச் செல்கிறேன். நான் கற்றது ஸ்பெயின் நாட்டு ஸ்பானியம். முட்டைகூடச் சாப்பிடாத சைவன். ‘சோய் வெகெத்தாரியானோ’ என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிட்டேன்; போதுமா? – ஒரு வாசகர், ஓசூர்

பதில்: போதாது. முதலில் அந்த வாக்கியத்திலேயே ஒரு திருத்தம்: நடுவிலுள்ள ‘கெ’ தொண்டையிலிருந்து வரும் ஹகரமாக, ‘வெஹெத்தாரியானோ’ என்று ஒலிக்க வேண்டும், முதலெழுத்தும் உண்மையில் மெல்லிய பகரத்துக்கு நெருக்கமானது. அதைவிடப் பெரிய சிக்கல், கேட்பவர் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதில் இருக்கிறது. ‘கார்னே’ என்றால் இறைச்சி. ஆனால் பேச்சுவழக்கில் அது பெரும்பாலும் மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் மட்டுமே குறிக்கும். ‘சின் கார்னே’, இறைச்சி இல்லாமல், என்று கேட்டு வாங்கிய தட்டில் கோழி இருக்கலாம், மீன் இருக்கலாம். ஸ்பெயினில் நான் கேட்ட காய்கறிக் கலவையின் மேல் சூரைமீன் குவித்து வந்தது. ‘இறைச்சி வேண்டாம் என்றேனே’ என்றதற்கு, ‘இது இறைச்சி இல்லையே, ஆத்தூன்தானே’ என்று பரிமாறியவர் உண்மையாகவே வியந்தார். எனவே வகையைச் சொல்லாமல் பொருள்களைச் சொல்லுங்கள்: கோழி ‘போயோ’, மீன் ‘பெஸ்காதோ’, பன்றித் தொடை ‘ஹமோன்’, முட்டை ‘உவேவோ’, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘சின்’.

மெக்சிகோவில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் இரண்டைக் கேட்டே தீர வேண்டும். சிவப்புச் சோற்றைப் பெரும்பாலும் ‘கால்தோ தெ போயோ’, அதாவது கோழி வேகவைத்த சாற்றில் சமைப்பார்கள். பீன்ஸ் மசியலைத் தாளிப்பது பல வீடுகளிலும் கடைகளிலும் ‘மான்த்தேக்கா’வில். அது பன்றிக் கொழுப்பு. (அதே சொல் அர்ஜென்டினாவுக்குப் போனால் வெண்ணெய் ஆகிவிடும், மெக்சிகோவில் வெண்ணெய்க்கு ‘மான்த்தெக்கீயா’.) ‘இது மான்த்தேக்காவிலா, எண்ணெயிலா?’ என்று கேட்க ‘எஸ் கோன் மான்த்தேக்கா ஓ கோன் அசெய்த்தே?’ என்ற ஒரு வாக்கியம் உங்களுக்குச் சோய் வெகெத்தாரியானோவைவிடப் பத்து மடங்கு பயன்படும்.

ஸ்பெயினில் கற்ற சொற்களில் சிலவற்றை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். அங்கே ‘தோர்த்தீயா’ என்றால் உருளைக்கிழங்கு சேர்த்த தடித்த முட்டை அடை. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்துச் சுட்ட மெல்லிய ரொட்டி, நீங்கள் நாள்தோறும் உண்ணப்போவது அதைத்தான். உருளைக்கிழங்கு ‘பத்தாத்தா’ அல்ல, ‘பாப்பா’. பழச்சாறு ‘தூமோ’ அல்ல, ‘ஹூகோ’. பரிமாறுபவர் ‘கமரேரோ’ அல்ல, ‘மெசேரோ’. ‘ஓர்ச்சாத்தா’ வலென்சியாவில் கோரையினக் கிழங்கை அரைத்துப் பிழிந்த பால். மெக்சிகோவில் அரிசியும் பட்டையும் ஊறவைத்து அரைத்தது. ‘கொஹேர்’ என்னும் வினையை மட்டும் அறவே மறந்துவிடுங்கள். ஸ்பெயினில் ‘எடுத்துக்கொள்’ என்ற பொருளில் குழந்தைகளும் சொல்வது, மெக்சிகோவில் பெரியவர்கள் முன்னால் சொல்லத் தகாதது.

காரத்தைப் பற்றி நமக்கு இருக்கும் கர்வத்தையும் ஓசூரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ‘பீக்கா?’ – காரமா? – என்று கேட்டால், ‘நோ பீக்கா’ என்ற பதில்தான் வரும். அது அவர்கள் நாக்குக்கு. மிளகாயே அந்த மண்ணிலிருந்து போர்த்துகீசியர் வழியாக நம்மிடம் வந்ததுதான் என்பதை நினைவில் கொண்டால் தோல்வி அவ்வளவு வலிக்காது. உணவு சூடாக இருந்தால் ‘கலியென்த்தே’, காரமாக இருந்தால் ‘பிகான்த்தே’. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் குழப்பும். தமிழில் போலவே ஸ்பானியத்திலும் இரண்டு சொற்கள். ஆனால் உங்களுக்கு வெக்கையாக இருந்தால் ‘தெங்கோ கலோர்’ என்றே சொல்லுங்கள். ‘நான் கலியென்த்தே’ என்பது வேறுவிதமான சூட்டைச் சொல்லும்.

சைவருக்கு அங்கே பட்டினி இல்லை. நம் வறண்ட காட்டில் வேலியோரம் முளைக்கும் சப்பாத்திக்கள்ளியின் மடலை முள் நீக்கி நறுக்கி ‘நொப்பாலேஸ்’ என்று பொரியலாகச் செய்கிறார்கள். வெண்டைக்காயைப் போலச் சற்றுக் கொழகொழப்பு இருக்கும். கீரை விதையைப் பொரித்து இனிப்புப் பாகில் பிடித்த ‘அலெக்ரீயா’ நம் கடலை மிட்டாய்க்கு உறவு. புளித்தண்ணீரில் சர்க்கரை சேர்த்த ‘ஆகுவா தெ தமரிந்தோ’ தெருவெங்கும் கிடைக்கும். ஆசியாவிலிருந்து கடல் கடந்து போன புளி அது. 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின, மெக்சிகோவின் ‘மணிலா’ மாம்பழத்தின் பெயரில் அந்த வழி இன்னும் இருக்கிறது.

இன்னொன்று. நம் கேழ்வரகைப் போன்ற சிறுதானியங்களுக்கு ஸ்பானியத்தில் ‘மீஹோ’ என்று பெயர். மெக்சிகோவில் தோர்த்தீயா விற்கும் பெண்மணி எங்கள் வீட்டுக்காரரை ‘மீஹோ’ என்று அழைத்தபோது, நாங்கள் களி தின்று வளர்ந்தவர்கள் என்பது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் என்னைப் பார்த்தார். ‘என் மகனே’ என்னும் இரண்டு சொற்கள் சேர்ந்து சுருங்கிய அழைப்பு அது. கடையைவிட்டு எழுந்து போகும்போது, பக்கத்து மேசையில் உண்பவர் முன்பின் தெரியாதவரானாலும் ‘ப்ரொவேச்சோ’ என்று சொல்லிச் செல்வது அங்கே வழக்கம். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று பொருள். நீங்கள் சொல்லாமல் போனால் எவரும் கேட்க மாட்டார்கள். சொன்னால் மறுநாள் அதே கடையில் உங்களுக்கு வணக்கம் கிடைக்கும். மதியம் ‘கொமீதா கொர்ரீதா’ என்னும் முறைச் சாப்பாடு போடும் சிறிய கடை ஒன்றைத் தேர்ந்து, நாள்தோறும் அங்கேயே போங்கள். பத்துக் கடைக்குப் போனால் பத்து முறை ஒரே வாக்கியத்தைப் பேசுவீர்கள். ஒரே கடைக்குப் பத்து நாள் போனால் பதினோராவது நாள் ஊர், பிள்ளை, மழை என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

கேள்வி: ஸ்பானியத்தில் தமிழ்ச் சொல் ஏதேனும் உண்டா? – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஊத்தங்கரை

பதில்: உண்டு, ஐயா, ஆனால் நேராகப் போனவை அல்ல. ‘மாங்கோ’ என்பது தமிழ், மலையாளக் கரையில் போர்த்துகீசியர் கேட்ட மாங்காய்தான். இஞ்சி அங்கே ‘ஹென்ஹீப்ரே’; லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் அப்பால் போனால் பாலி, பிராகிருத வடிவங்கள் வருகின்றன, அவற்றின் அடியில் ‘இஞ்சி வேர்’ இருப்பதாக மொழியறிஞர்கள் கொள்கிறார்கள். ஆரஞ்சுக்கு ‘நரான்ஹா’, அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னே நடந்தால் நம் நாரத்தையின் பக்கத்தில் வந்து நிற்கும். மறுபக்கம், நாம் போர்த்துகீசியரிடம் வாங்கிய சொற்களுக்கு ஸ்பானியத்தில் உடன்பிறப்புகள் உண்டு: அலமாரி அங்கே ‘அர்மாரியோ’, மேஸ்திரி ‘மாயெஸ்த்ரோ’. கொய்யா ‘குவயாபா’, அது அமெரிக்கப் பழங்குடிச் சொல், இருவரும் இரவல் வாங்கியது. எல்லாவற்றையும் தமிழென்று நிறுவும் ஆசையில் இந்தப் பட்டியலை நீட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் சந்தையில் மனப்பாடம் செய்ய இவை நல்ல கொக்கிகள்.

கேள்வி: நீங்கள் செய்த பெரிய பிழை எது? – ஒரு வாசகி, தர்மபுரி

பதில்: ஊறுகாய்ப் புட்டியைக் காட்டி, கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்து இதில் உண்டா என்று கேட்க நினைத்து, ஆங்கிலச் சொல்லுக்கு ஸ்பானிய வால் ஒட்டி ‘ப்ரெசெர்வத்தீவோஸ்’ உண்டா என்று கடை நிறையக் கேட்கும்படி கேட்டேன். அது ஆணுறை. நான் கேட்டிருக்க வேண்டிய சொல் ‘கொன்செர்வான்த்தேஸ்’. கடைக்காரர் மிகுந்த பண்போடு, அது மருந்துக் கடையில் கிடைக்கும் என்று வழி சொன்னார். ஆங்கிலத்தை நடுவில் வைத்து ஸ்பானியம் பேசாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு அன்று வந்த வெட்கமும் ஒரு காரணம்.

மற்றொரு பிழை எங்கள் ஊர்ப் பழத்தில் நேர்ந்தது. ஸ்பானியத்தில் ‘இருக்கிறது’ என்பதற்கு இரண்டு வினைகள்: ஒரு பொருளின் இயல்பைச் சொல்ல ‘எஸ்’, அப்போதைய நிலையைச் சொல்ல ‘எஸ்தா’. இலக்கண நூலில் பத்துப் பக்கம் படித்தும் எனக்கு விளங்காதது, தென் ஸ்பெயினில் மாலகா பக்கத்தில் விளைந்த மாம்பழம் வலென்சியா கடைக்கு வந்த அன்று விளங்கியது. தோல் பச்சையாக இருந்த ஒரு பழத்தைச் சுட்டி, நிறத்தைச் சொல்லும் எண்ணத்தில் ‘எஸ்தா பெர்தே’ என்றேன். கடைக்காரர் அதைத் திரும்ப எடுத்துவைத்துவிட்டு, ‘இல்லை, நன்றாகப் பழுத்திருக்கிறதே’ என்று காம்புப் பக்கத்தை முகர்ந்து காட்டினார். ‘எஸ்தா பெர்தே’ என்றால் காயாக இருக்கிறது என்று பொருள். பழுத்தாலும் பச்சை நிறம் மாறாத வகை என்றால் ‘எஸ் பெர்தே’ என்றிருக்க வேண்டும். பெங்களூராவும் மல்கோவாவும் பார்த்து வளர்ந்த கிருஷ்ணகிரிக்காரி மாம்பழம் காயா பழமா என்று தெரியாமல் நிற்பதாக அவர் எண்ணிவிட்டாரே என்ற ஆத்திரத்தில், அன்று இரவே அந்த இரண்டு வினைகளையும் படித்து முடித்தேன். மறுவாரம் அதே கடையில் ‘எஸ் பெர்தே, பெரோ எஸ்தா மதூரோ’ – நிறம் பச்சை, ஆனால் பழுத்தது – என்று சொல்லி இரண்டு பழம் வாங்கினேன். ‘பெரோ’வில் நாவை அதிரவிடாமல் கவனமாகச் சொன்னேன்.